எந்தப் பிரிவு? யாழ்ப்பாணத்தில் பாடத்தெரிவும் பல்கலைக்கழக வாசலும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த அன்றே யாழ்ப்பாணத்தில் உறவும் அயலும் கேட்கத் தொடங்கிவிடும்: "பிள்ளை என்ன செய்யப்போறா, மட்ஸோ பயோவோ?" நல்லூரிலும் கொக்குவிலிலும் நெல்லியடியிலும் இந்தக் கேள்வியை வைத்து வீட்டுக்குள் நாட்கணக்கில் விவாதம் நடக்கும். நெடுந்தீவிலும் மருதங்கேணியிலும் அந்த விவாதத்துக்கு இடமே இல்லாத வீடுகள் பல. பக்கத்துப் பாடசாலையின் உயர்தரத்தில் கலைப் பிரிவு மட்டும் இருந்தால் பிள்ளையின் பிரிவு கலை. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' எடுத்திருந்தாலும் அதுதான் முடிவு. மற்றப் பிரிவு வேண்டுமென்றால் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர் வீடும், மாதாமாதம் செலவுக்குக் காசும் வேண்டும். பெண்பிள்ளையென்றால் இவற்றோடு தாய்தகப்பனின் துணிவும் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றித் தமிழர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவருகிறோம். தரப்படுத்தல் என்ற சொல்லை அறியாத தமிழ் வீடு இல்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் இனத்துக்கும் இனத்துக்கும் இடையில், மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில் நடப்பதைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள், ஒரே வெட்டுப்புள்ளியின் கீழ் போட்டியிடும் பிள்ளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை. பல்கலைக்கழக வாசல் உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் திறக்கிறது, மூடுகிறது என்று நினைக்கிறோம். பல பிள்ளைகளுக்கு அது இரண்டு வருடத்துக்கு முன்பே, பாடத்தைத் தெரிவுசெய்யும் நாளிலேயே மூடிவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

விஞ்ஞானம் யாழ்ப்பாணத்தின் வழியானது எப்படி

யாழ்ப்பாணத்தவருக்குக் கணிதமும் வைத்தியமும் பிறவியிலேயே வரும் என்ற பேச்சு நம்மிடையே உண்டு. வரலாறு அதைவிடத் தெளிவான காரணங்களைத் தருகிறது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். 1848 முதல் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவம் கற்பித்தார், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் யாழ்ப்பாண நகரிலும் பருத்தித்துறையிலும் கல்லூரிகளை எழுப்பினார்கள். அவற்றுக்கு எதிர்வினையாகச் சைவர்கள் இந்துக் கல்லூரிகளைக் கட்டினார்கள். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகத் தமிழ்ப் பாடசாலைகளைத் திறந்தது. ஆற்றுப் பாசனமோ தோட்டப் பெருநிலமோ இல்லாத, கிணற்று நீரில் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த குடாநாட்டுக்கு அரசாங்க உத்தியோகம்தான் நிச்சயமான வருமானமாக இருந்தது. ஆங்கிலக் கல்வி அதற்கான வழியைத் திறந்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. இரண்டாவதன் விளைவு பாடத்தெரிவில் ஆழமாகப் பதிந்தது. எழுதுவினைஞர், நிர்வாக சேவை போன்ற உத்தியோகங்களின் கதவு தமிழருக்கு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டபோது, மொழியின் தடை ஒப்பீட்டளவில் குறைவாக இருந்த தொழில்கள் மருத்துவமும் பொறியியலும்தான். பெற்றோர் பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஏற்கெனவே ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியர்களும் இருந்த கல்லூரிகள் அதற்கு ஈடுகொடுத்தன. 1960களின் முடிவில் பொறியியல், மருத்துவ பீடங்களுக்கு அனுமதி பெற்றவர்களில் தமிழரின் பங்கு பாதியை நெருங்கியிருந்தது. சனத்தொகையில் இலங்கைத் தமிழர் அன்று 11 வீதமளவே.

அதே காலத்தில் தெற்கின் கிராமப்புறங்களில் சுயமொழிக் கல்வி பெரும் எண்ணிக்கையான சிங்கள இளைஞர்களை உயர்தரம் வரை கொண்டுவந்தது. அவர்களின் பாடசாலைகளில் ஆய்வுகூடம் இல்லை. கலைப் பாடங்களே இருந்தன. கலைப் பட்டத்தோடு வேலையின்றி நின்ற அந்தத் தலைமுறையின் கோபம் 1971 கிளர்ச்சியில் வெடித்தது. ஒரு சமூகத்துக்கு எந்தப் பாடம் கற்பிக்கக் கிடைக்கிறது என்பது நாட்டின் அரசியலையே புரட்டிப்போடும் என்பதற்கு அந்தப் பத்தாண்டைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

தரப்படுத்தல், அது மறைத்த ஒன்று

1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளை வைத்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 227 பெற்றால் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. விசாரித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1973இல் பொறியியலில் 24.4 வீதமாக இருந்த தமிழர் பங்கு 1974இல் 16.3 வீதமானது. மருத்துவத்தில் 36.9 வீதம் 25.9 வீதமாகச் சரிந்தது. ஒரே வருடத்தில் இவ்வளவு. நல்ல புள்ளியை எடுத்துவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகளின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்கள் சொல்லமாட்டா. தமிழ் மாணவர் பேரவையும் அதற்குப் பின்வந்த இளைஞர் இயக்கங்களும் அந்த மனத்திலிருந்துதான் ஆள் எடுத்தன. மொழியை வைத்துப் புள்ளியை வெட்டியது அநீதி. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் மாவட்ட ஒதுக்கீடு வேறு கேள்வி. அதை மொழிவாரித் தரப்படுத்தலோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது யாழ்ப்பாணத்தின் பழக்கம். மட்டக்களப்பு, மன்னார், வவுனியா மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அந்த ஒதுக்கீட்டினால்தான் முன்பு எட்டிப்பார்க்கவும் முடியாதிருந்த பீடங்களுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட தரப்படுத்தல் வரலாறுகளில் இது ஓரிரு வரியோடு கடந்துவிடும்.

விகிதங்கள் பலமுறை மாறின. 1976இல் 70 வீதம் திறமை, 30 வீதம் மாவட்டம். 1979-80இல் 30 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்கள். அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று. 1974இல் முன்னேறிய மாவட்டமென்று தண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம் இன்று பின்தங்கிய மாவட்டமாகச் சலுகை பெறுகிறது. இரண்டு விவரணமும் ஒரே மாவட்டத்துக்குப் பொருந்துவதே, மாவட்டம் என்ற அலகு உள்ளே இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் காட்டுகிறது.

2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை நியமவிலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்கிறார்கள். ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாகவும் இன்னொன்று இலகுவாகவும் அமைந்தால் வரும் அநியாயத்தை அது ஓரளவு தீர்த்தது. தோற்றிய பாடங்களை மட்டுமே அதனால் கணக்கிட முடியும். ஒரு பிள்ளை தோற்றாமல் போன பாடத்துக்கு எந்தக் கணிதத்திலும் புள்ளி இல்லை.

மாவட்ட எல்லை எவ்வளவு பெரிய விடயம் என்பதற்குக் கிளிநொச்சியே உதாரணம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. பரந்தனில் குடியேற்றத் திட்டத்துக் காணியில் வளர்ந்த பிள்ளையும் யாழ்ப்பாணம் நகரத்துக் கல்லூரிப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிட்டார்கள். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகியது. அன்று முதல் அந்தப் பிள்ளைக்குத் தனி வெட்டுப்புள்ளி. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மருத்துவ, பொறியியல் வெட்டுப்புள்ளிகள் யாழ்ப்பாணத்தைவிடத் தெளிவாகக் குறைவு. நிர்வாக வசதிக்காக இழுத்த ஒரு கோடு எத்தனையோ வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் வன்னிக்குத் தந்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் வடமராட்சி கிழக்குக்கும் அப்படி ஒரு கோடு இழுக்கப்படவில்லை. அவை யாழ் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

1ஏபி என்ற மூன்று எழுத்து

இலங்கையின் அரச பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தாயிரம். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலையும் வணிகமும் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. பத்தில் ஒரு பாடசாலைதான் 1ஏபி. ஐந்து வயதில் பெற்றோர் பிள்ளையை எந்த வாசலில் இறக்கிவிடுகிறார்களோ, அந்த வாசலின் வகை பதினொரு வருடம் கழித்து அதன் பாடத்தெரிவாக வந்து நிற்கிறது.

குடாநாட்டில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. 1ஏபி பாடசாலைகள் நகரத்திலும் பருத்தித்துறை, நெல்லியடி, தெல்லிப்பழை, சாவகச்சேரி, மானிப்பாய் போன்ற பழைய கல்வி மையங்களிலும் குவிந்திருக்கின்றன. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் அவற்றைக் கைவிரலில் எண்ணலாம். அங்கும் கடதாசியில் விஞ்ஞானப் பிரிவு இருப்பது வேறு, நடப்பது வேறு. மூன்று பாடத்தில் இரண்டுக்கு ஆசிரியர் இருந்து பௌதிகவியலுக்கு இல்லாவிட்டால் பிரிவு நடக்கிறதென்று சொல்ல முடியாது. பிள்ளை பாதிப் பாடத்திட்டத்தோடு பரீட்சைக்குப் போகும். இல்லாவிட்டால் முதல் தவணை முடிவதற்குள் கலைக்கு மாறும்.

நெடுந்தீவுக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியரின் நாளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் விடிய முன்னர் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். படகு பிந்தினால் முதலாம் பாடவேளை இல்லை. திரும்பும் படகைப் பிடிக்கவேண்டுமென்றால் கடைசிப் பாடவேளை இல்லை. சோளகக் காலத்தில் கடல் எழும்பினால் அன்றைய நாளே இல்லை. இரசாயனவியல் செய்முறையில் அளவியையும் குழாயியையும் கழுவி, கரைசலை எடுத்து, நியமிப்பை மூன்று தரம் செய்து முடிக்க இரண்டு பாடவேளை தொடர்ச்சியாக வேண்டும். படகு நேரத்துக்குள் அது அடங்காது. ஆசிரியரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலத்தை முடித்துவிட்டு இடமாற்றம் கேட்பதும் அவருக்குள்ள உரிமை. தீவில் தங்க நல்ல விடுதியும் குடிக்க நல்ல தண்ணீரும் இல்லாத இடத்தில் அவரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தூரம் மட்டும் காரணமென்றால் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஊர்களில் இந்தச் சிக்கல் இருக்கக்கூடாது. இருக்கிறது. குருநகர், பாசையூர்க் கடற்கரைக்கும் நகரத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கும் இடையில் துவிச்சக்கரவண்டியில் சில நிமிடம்தான். ஆனால் கடலுக்குப் போகிற வீடுகளிலிருந்து அந்தக் கல்லூரிகளின் விஞ்ஞான வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அந்தத் தூரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் இல்லை. இதற்கு வர்க்கமும் சாதியும் சேர்ந்த ஒரு நீண்ட வரலாறு உண்டு. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கவேண்டும் என்ற விதி 1930ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காக நின்றது. 1940களில் எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபை, சேர்க்க மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அரசாங்கப் பாடசாலைகளைப் போராடிப் பெற்றது. எம். சி. சுப்பிரமணியம் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். அந்தப் பாடசாலைகள் பல்லாயிரம் பேருக்கு எழுத்தறிவு தந்தன. ஆனால் பல இன்றும் தரம் 5க்கோ தரம் 11க்கோ மேல் வளராத சிறிய பாடசாலைகளாகவே இருக்கின்றன. எல்லோருக்கும் திறந்த கல்லூரிகள் ஒருபுறம், ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் நடுவே வகை 2, வகை 3 பாடசாலைகள் மறுபுறம் என்று அமைந்துவிட்டால், சாதியின் பெயரை யாரும் வாயால் சொல்லவேண்டியதில்லை. பாடசாலைகளின் வரைபடமே அதைச் சொல்லிவிடும்.

போர் இதை இன்னும் இறுக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாகியபோது மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் ஆண்டுக்கணக்கில் வேறிடங்களில் நடந்தன. இருந்தும் அவற்றின் பழைய மாணவர்கள் உலகெங்கும் இருந்தார்கள், கல்லூரிகள் மீண்டன. சிறிய பாடசாலைகளுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின்னும் போர் முடிந்த பின்னும் நலன்புரி முகாம்களில் கடைசிவரை தங்கியவர்கள் யார் என்பதைக் கலிங்க ரியூடர் சில்வாவும் பரம்சோதி தங்கேசும் ஆராய்ந்திருக்கிறார்கள். சொந்தக் காணி இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களே அங்கு பெரும்பான்மை. காணியுள்ளவர் வேறிடம் வாங்கினார், கொழும்புக்குப் போனார், கனடாவுக்குப் போனார். பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கில் படித்து மருத்துவ பீடம் போனவர்களின் கதை உண்மையானது, பெருமைக்குரியது. அதே குப்பி விளக்கில் படித்தும் விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையில் நின்றுபோன பிள்ளைகளின் கதை எந்த நினைவுமலரிலும் வருவதில்லை.

புலமைப்பரிசிலும் ரியூசனும்

ஏழைப் பிள்ளை மேலே வர ஒரு வழி வேண்டுமென்றுதான் தரம் 5 புலமைப்பரிசில் உருவானது. கன்னங்கராவின் மத்திய பாடசாலைகளுக்குக் கிராமத்துப் பிள்ளைகளை விடுதி வசதியோடு அழைத்துவருவது அதன் நோக்கம். இன்று அது பிரபல பாடசாலைக்கு இடம் பிடிக்கும் போட்டியாகிவிட்டது. நாலாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை பத்து வயதில் ஊர்ப் பாடசாலையை விட்டுப் போகிறது. அதோடு அக்கறையுள்ள பெற்றோரும் போய்விடுகிறார்கள். மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறைகிறது. ஆளணி குறைந்தால் விஞ்ஞானப் பிரிவு தொடங்கும் பேச்சே எழாது. தப்பிவந்த பிள்ளைக்கு வழி திறந்தது, மிஞ்சிய வகுப்புக்கு மூடியது.

உயர்தர விஞ்ஞானத்துக்கு வந்தால் ரியூசன் ஏறக்குறையக் கட்டாயம். நகரத்திலும் நெல்லியடியிலும் சுன்னாகத்திலும் காலை ஐந்தரைக்கே தகரக்கூரை மண்டபங்கள் நிறைந்துவிடும். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர், தனித்தனிக் கட்டணம். பிறகு மீட்டல் வகுப்பு, கடந்தகால வினாத்தாள் வகுப்பு. முதல்தரம் சரிவராவிட்டால் இரண்டாந்தரம், மூன்றாந்தரம். மூன்றுதரம் தோற்றும் வாய்ப்பு எல்லோருக்கும் சட்டப்படி ஒன்றுதான். ஆனால் இன்னுமொரு வருடம் உழைக்காமல் வீட்டில் இருந்து படிக்க யாரால் முடியும்? தகப்பன் மேசன் வேலைக்குப் போகும் வீட்டில் பத்தொன்பது வயதுப் பெடியன் இரண்டாந்தரம் எடுப்பது பெரிய முடிவு. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டில் அது வழமை. விஞ்ஞானப் பிரிவு நீண்ட முதலீடு; தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது. இழக்க முடியாத வீடு முன்கூட்டியே கலைக்குப் போவது அறியாமையால் அல்ல. கையிலுள்ளதை எண்ணிப்பார்த்து எடுக்கும் முடிவு அது.

வசதியுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நகரத்தில் படித்துக்கொண்டே, வெட்டுப்புள்ளி குறைந்த பக்கத்து மாவட்டமொன்றின் பாடசாலையில் பெயர் பதிந்து அந்த மாவட்ட ஒதுக்கீட்டில் உள்ளே போவது. மூன்று வருடம் அந்த மாவட்டத்தில் படித்திருக்கவேண்டும் என்ற விதி இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. இருந்தும் நாடு முழுவதும் இது நடக்கிறது. கிளிநொச்சிப் பிள்ளைக்காக இழுத்த கோட்டை யாழ்ப்பாணத்து வசதி தாண்டிப்போவது எனக்கு மிகவும் கசப்பான செய்தி.

கலை, பெண்பிள்ளைகள், தொழில்நுட்பம்

கலைப் பிரிவை நான் தாழ்த்தவில்லை. புவியியலும் அரசியல் விஞ்ஞானமும் நாடகமும் அரங்கியலும் நன்றாகக் கற்பிக்கப்படும் பாடசாலை ஒரு சமூகத்துக்குச் செல்வம். பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தின் பெயரை உலகறியச் செய்ததில் அதன் கலைத்துறை அறிஞர்களின் பங்கு பெரிது. கலையை விரும்பி எடுப்பதும் வேறொன்றும் இல்லாததால் எடுப்பதும் ஒன்றல்ல என்பதே சொல்லவருவது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அங்கே கலைப் பட்டதாரிகளே மிகுதி. பல்கலைக்கழகம் போய்விட்டால் சமத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு படித்தவர்கள்.

நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பொறியியலில் அவர்கள் சிறுபான்மை. குடாநாட்டின் ஓரங்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். மாலை ஆறு மணிக்கு நெல்லியடியில் வகுப்பு முடிந்தால் அம்பனுக்கோ மருதங்கேணிக்கோ பெண்பிள்ளை எப்படிப் போவது? தம்பியென்றால் யாராவது மோட்டார்சைக்கிளில் ஏற்றிவருவார்கள். அக்காவென்றால் கலைப் பிரிவு.

2013இல் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமாகி 2015இல் முதல் பரீட்சை நடந்தது. பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம், இரண்டுக்கும் பொதுவாகத் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம். கலைக்கு வெளியே ஒரு மூன்றாம் வழி என்ற எண்ணம் நல்லது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சியில் தொழில்நுட்ப பீடத்தைத் தொடங்கியது. ஆனால் உபகரணம் வேண்டுமென்பதால் அதுவும் முதலில் வசதியுள்ள பாடசாலைகளுக்கே போனது. மட்ஸ் ஓடாதவர்கள் போகும் பிரிவு என்ற பெயரும் அதற்கு விழுந்துவிட்டது.

வெளியே நடந்தவை

சாமுவேல் லூகஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2001இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு கல்விநிலை எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுவதில்லை. அந்த நிலைக்குள்ளேயே நல்ல பிரிவு, சாதாரணப் பிரிவு என்று அது இடம் மாறிக்கொள்கிறது. இலவசக் கல்வி எட்டுத் தசாப்தம் நடந்த நாட்டில், உயர்தரம்வரை போவது பெரிதாக இல்லாத யாழ்ப்பாணத்தில், நாம் காண்பது இதைத்தான். இங்கிலாந்தில் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் ரஸல் குழு 2011இல் எந்தப் பாடங்கள் அதிக வாசல்களைத் திறக்கும் என்று வெளிப்படையாகவே பட்டியலிட்டது. மற்றப் பாடங்கள் மதிப்பிழக்கின்றன என்ற எதிர்ப்பு வளர, 2019இல் பட்டியலைக் கைவிட்டது. தகவல் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். ஆனால் பாடம் பாடசாலையில் இல்லாத பிள்ளைக்குத் தகவலால் ஆவது குறைவு.

அலகை மாற்றிப் பார்த்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து வீதத்தில் வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று சட்டம் செய்தது. அங்கே போட்டியின் அலகு பாடசாலை. தமிழ்நாடு 2020இல் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 வீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. அங்கே அலகு பாடசாலையின் வகை. சாதிவாரி ஒதுக்கீடு நெடுங்காலமாக உள்ள மாநிலமே, அதற்குள்ளும் பள்ளி வகை தனியாகக் கணக்கெடுக்கப்படவேண்டும் என்று கண்டது கவனிக்கத்தக்கது.

55 வீத மாவட்டப் பங்கில் யாழ்ப்பாணத்துக்கு வரும் இடங்களுக்குள் வலயவாரியாகவோ 1ஏபி அல்லாத பாடசாலைகளிலிருந்து வந்தவர்களுக்கோ ஒரு பகுதியை ஒதுக்கலாம் என்ற யோசனைக்கு இரண்டு ஆட்சேபம் எழும். ஒன்று, பெயர் பதிவதற்காக நகரத்துப் பிள்ளைகள் தீவகத்துக்குப் போவார்கள் என்பது. தரம் 6 முதல் அங்கேயே படித்திருக்கவேண்டும் என்று விதி வைத்தால் அது பெரிதும் அடங்கும். இரண்டாவது ஆட்சேபம் பாரமானது: விஞ்ஞானப் பிரிவே நடக்காத வலயத்துக்கு மருத்துவ ஒதுக்கீடு கொடுத்தால் அதை நிரப்ப ஆள் எங்கே? அதனால் ஒழுங்கு முக்கியம். முதலில் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மூன்று விஞ்ஞானப் பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியருள்ள ஒரு பாடசாலை, அங்கே ஆசிரியர் விடுதி, மாணவர் விடுதி. தீவகத்தில் இது புதிய கனவல்ல. வேலணையில் மத்திய கல்லூரி எழுந்தது இதே எண்ணத்தில்தான். பிறகு மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ். அதன்பின் உள் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசலாம்.

வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் இதில் நிறையச் செய்யலாம். இப்போது அவர்களின் காசு ஏற்கெனவே நீச்சல் தடாகமும் மாடிக் கட்டடமும் உள்ள கல்லூரிகளுக்கே போகிறது. தங்கள் கல்லூரி மீதுள்ள பாசம் இயல்பானது. அதே காசில் ஒரு சிறு பங்கு வடமராட்சி கிழக்கில் ஒரு பௌதிகவியல் ஆசிரியரின் தங்குமிடத்துக்குப் போனால், அங்கே ஒரு வகுப்பே திறக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருடாவருடம் பெறுபேறு வந்ததும் மாவட்ட முதலிடங்களும் பிரபல கல்லூரிகளின் '3ஏ' எண்ணிக்கையும் பத்திரிகைகளை நிறைக்கின்றன. யாழ். மாவட்டத்திலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்களில் தீவக வலயத்திலிருந்து எத்தனை பேர், வடமராட்சி கிழக்கிலிருந்து எத்தனை பேர், 1சி பாடசாலையில் சாதாரண தரம் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பொதுமக்கள் காண்பதில்லை. பரீட்சைத் திணைக்களத்திடம் ஒவ்வொரு பரீட்சார்த்தியின் பாடசாலையும் பதிவில் இருக்கிறது. அதே தரவை வலயமாகவும் பாடசாலை வகையாகவும் பிரித்து வெளியிடப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டியதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் கேட்டு வாங்கி அடுத்த பெறுபேற்றோடே வெளியிடலாம்.